கூடம் கோணல்தான்

முதுகலை இரண்டாமாண்டு வகுப்பில் ஒரு மாணவி தன் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவந்தாள். பென்னாகரம் பக்கத்து ஊர்க்காரி. அகலமான எவர்சில்வர் சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வந்திருந்தாள். மார்கழிக் குளிர் என்பதால் க்ரீம் உருகவில்லை. மேலே ரோஜாக்கள், ஓரத்தில் இலைகள், நடுவில் தமிழில் அவள் பெயர். கடைக் கேக்குகளில் தமிழ் எழுத்து பெரும்பாலும் நசுங்கிக் கிடக்கும். இதில் ணகரத்தின் சுழி எல்லாம் சரியாக இருந்தது.

துறையில் எல்லோரும் சாப்பிட்டோம். என் சக ஆசிரியை ஒருவர் மனதாரப் பாராட்டினார்: “ஓவன் இல்லாம, பீட்டர் இல்லாம, ஒண்ணுமே இல்லாம இவ்வளவு பண்ணியிருக்கியே!”

அவள் தயங்கித்தான் பதில் சொன்னாள். “ஒண்ணுமே இல்லாம இல்லைங்கம்மா. எல்லாம் இருந்துச்சு. நானே செஞ்சு வெச்சிருந்தேன்.”

அந்தப் பதில் என்னை வெகுநாள் விடவில்லை. எங்கள் பாராட்டில் ஒரு பிழை இருந்தது. அதை அவள் திருத்தியிருந்தாள். அந்தப் பிழை எங்கள் துறையோடு முடிவதுமில்லை. பெண்கள் வீட்டில் கிடைத்ததைக் கொண்டு செய்யும் கருவிகளைப் பற்றி நம் மொழியும் இலக்கியமும் ஊடகமும் பேசும் முறை முழுவதிலும் அது இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தப் பேச்சைப் பற்றியது.

2020 பொதுமுடக்கத்தின்போது தமிழில் வந்த சமையல் காணொளிகளின் தலைப்புகளை நினைத்துப் பாருங்கள். ஓவன் இல்லாமல், முட்டை இல்லாமல், பீட்டர் இல்லாமல், க்ரீம் இல்லாமல், வெண்ணெய் இல்லாமல். அதற்கு முன்பு மகளிர் இதழ்களின் குறிப்புப் பகுதிகளும் இதே வாய்பாட்டில்தான் எழுதப்பட்டன. இலக்கணம் நடத்துகிறவளுக்கு இது கண்ணில் படாமல் போகாது. ‘இல்லாமல்’ என்பது எதிர்மறை வினையெச்சம். எச்சம் தனியே நிற்காது; அதற்கு ஒரு முற்று வேண்டும். ‘ஓவன் இல்லாமல் கேக் செய்தாள்’ என்ற வாக்கியத்தில் ‘செய்தாள்’ என்பதே முற்று. ஆனால் நம் காதில் எச்சம் மட்டும் நிற்கிறது, முற்று நழுவிவிடுகிறது. அவளிடம் எது இல்லை என்று பட்டியல் போடும் நாம் அந்த இடத்தில் அவள் எதைச் செய்து வைத்தாள் என்று கேட்பதில்லை.

‘இல்’ என்ற சொல்லே நம் மொழியில் இரட்டை வேலை செய்கிறது. அது வீட்டையும் குறிக்கும், இன்மையையும் குறிக்கும். ‘இல்லாள்’ என்றால் வீட்டுக்குரியவள். அதே வடிவத்தை ஒன்றும் இல்லாதவள் என்றும் படிக்கலாம். ஆண்பாலில் இந்தச் சிக்கல் கிடையாது. ‘இல்லான்’ என்றால் வறியவன், அவ்வளவுதான். வீட்டுக்குரிய ஆணைச் சொல்ல மொழி வேறு சொற்களை வைத்திருக்கிறது. திருக்குறளின் வாழ்க்கைத் துணைநலம் அதிகாரமும் இந்தச் சொல்லின் இரு பொருளையும் அருகருகே வைத்துத்தான் பேசுகிறது. இருப்பதும் இல்லாததும் மனைவியின் மாண்பைப் பொறுத்தது என்ற அந்த வாதத்தை மாணவிகளுக்குப் பெருமையோடு நடத்தியிருக்கிறேன். பற்றாக்குறையை ஈடுகட்டும் பொறுப்பு அங்கேயே ஒருத்தியின் தலையில் ஏற்றப்பட்டுவிடுகிறது என்று நடத்தியதில்லை.

2011இல் தமிழ்நாடு அரசு குடும்ப அட்டைதாரர்களுக்கு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி தந்தது. ‘இலவசம்’ என்பதற்குப் பதிலாக ‘விலையில்லா’ என்ற சொல்லை அரசு புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. என் மாணவியின் வீட்டில் சர்க்கரையைப் பொடிப்பதும் முட்டையை நுரைக்க அடிப்பதும் அந்த விலையில்லா மிக்சிதான். அதைக் கையாளும் உழைப்பும் விலையில்லாததே. 2019இல் இந்தியாவில் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டாருக்காக ஊதியமின்றி வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். இந்த 299 நிமிடத்துக்குள் கருவியைக் கையாளும் நேரம் இருக்கும். கருவியையே செய்யும் நேரம் எங்கே போய்ச் சேர்கிறது என்பது என் கேள்வி.

அந்த மாணவியின் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அடுப்படி ஓரத்தில் ஒரு அட்டைப்பெட்டி. அதைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நான் ஆய்வேட்டுக்குச் சொல்லடைவு தொகுத்தவள். அந்தப் பழக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

முதலில் குக்கர். பழைய ஐந்து லிட்டர் அலுமினியக் குக்கர். அதன் மூடியிலிருந்து வெயிட்டையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிவிடுகிறாள். அடியில் ஓர் அங்குலத்துக்குச் சலித்த மணல், மேலே ஒரு வளையம், அதன்மேல் மாவு ஊற்றிய டப்பா. தண்ணீர் இருக்கும்வரை குக்கருக்குள் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரியைத் தாண்டாது. கேக்குக்கு 160 முதல் 180 வரை வேண்டும். ஆகவே நீரை எடுத்துவிட வேண்டும். நீர் இல்லாதபோது ரப்பர் வளையம் கருகும், ஆகவே அதையும் எடுத்துவிட வேண்டும். மாவிலிருந்து வரும் ஆவி உள்ளே அடைபடக் கூடாது, ஆகவே வெயிட்டும் வேண்டாம். வெறும் பாத்திரத்தைச் சூடாக்கினால் அடி கோணிவிடும், ஓரிடத்தில் மட்டும் தீயும். மணல் வெப்பத்தை வாங்கிப் பரப்பித் தரும். இத்தனை ‘ஆகவே’யும் அவள் சொன்னவை. குக்கரை ஓவனாக்க, குக்கர் எப்படி வேலை செய்கிறது என்பது முழுதும் தெரிந்திருக்க வேண்டும்.

மணல் உத்தி ஏதோ காணொளியில் முளைத்த அதிசயமும் அல்ல. பொரி பொரிப்பவர்களும் கடலை வறுப்பவர்களும் சுடுமணலை எத்தனை தலைமுறையாகப் பயன்படுத்துகிறார்கள்! “எங்க ஆயா கடல வறுத்த மணலுங்கம்மா” என்றாள். ஆயாவின் மணலுக்கு ‘ஹேக்’ என்று பெயர் வந்தது இப்போதுதான்.

பிறகு அளவைகள். அவளுக்குக் கிடைத்த குறிப்புகள் எல்லாம் கப், டீஸ்பூன் கணக்கில் இருந்தன. இருமல் மருந்துப் புட்டியின் மூடியில் 5 மில்லி கோடு இருக்கிறது. ஒரு டீஸ்பூன் என்பதும் அதே 5 மில்லிதான். அரை லிட்டர் பால் பாக்கெட்டை ஒரு நேரான டம்ளரில் ஊற்றி, நின்ற இடத்தில் ஆணியால் கீறிக்கொண்டாள். அதில் பாதிக்கு இன்னொரு கீறல். அது ஏறத்தாழ ஒரு கப். தர அளவு என்பது ஆய்வகத்திலிருந்து வர வேண்டியதில்லை, பால்காரரிடமிருந்தும் வரலாம்.

க்ரீம் பிழியப் பால் கவர். கழுவிக் காயவைத்து, ஒரு மூலையைச் சாய்வாக வெட்டினால் கோடு வரும். ‘வ’ போல இரு பக்கம் வெட்டினால் இலை வரும். தண்ணீர்ப் புட்டி மூடியில் நட்சத்திரம்போல் வெட்டி உள்ளே பொருத்தினால் ரோஜா வரும். மருதாணிக் கோன் சுற்றிப் பழகிய விரல்களுக்கு இது புதிதல்ல. 2019 சனவரியில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநில அரசு தடை விதித்தபோது பால் உறைகளுக்கு விலக்கு இருந்ததால் அவளுடைய பை தப்பித்தது.

கேக்கைச் சுற்றிச் சுற்றி அலங்கரிக்க ஒரு சுழல்மேடை வேண்டும். விளிம்புள்ள தட்டில் கோலிக்குண்டுகளைப் பரப்பி, அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்திருந்தாள். நன்றாகச் சுற்றியது. டப்பாவின் அடியில் போடச் செய்தித்தாள் வேண்டாம் என்று வைத்திருந்தாள். அச்சு மை உணவில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் எச்சரித்ததை எங்கோ படித்திருக்கிறாள். எழுதாத நோட்டுத் தாளில் எண்ணெய் தடவிப் போடுகிறாள். வெந்ததா என்று பார்க்கப் புது விளக்குமாற்றிலிருந்து உருவிக் கழுவிய ஈர்க்கு. மாவைக் கலக்க ஆயாவின் மத்து. க்ரீமை வழித்து மட்டம் செய்ய ஒரு பிளாஸ்டிக் அட்டை. திருப்பிப் பார்த்தேன். அவளுடைய இளங்கலைக் கல்லூரி அடையாள அட்டை. புகைப்படம் பாதி அழிந்திருந்தது.

எல்லாம் சரியாக வருகிறதா என்று கேட்டேன். “மேல் பக்கம் செவக்காதுங்கம்மா. அடியிலதான சூடு” என்றாள். சிவக்காத அந்த மேல்பக்கத்தை மறைக்கத்தான் அத்தனை ரோஜாக்களும். அட்டைப்பெட்டியில் ‘ஒன்றுமே இல்லை’ என்று யாராவது சொல்ல முடியுமா?

இந்த அறிவுக்கு யார் பெயர் வைக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. இந்தியக் கேக்கின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் தலைச்சேரியில் தொடங்குவார்கள். 1883இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கை மாம்பள்ளி பாபு என்ற பிஸ்கட் தயாரிப்பாளரிடம் கொடுத்து, இதுபோல் செய்ய முடியுமா என்று கேட்டாராம். பாபு தர்மடத்துக் கொல்லரிடம் அச்சு செய்யச் சொல்லி, பிராந்திக்குப் பதில் உள்ளூர்ச் சாராயத்தை ஊற்றிச் சமாளித்து, ஒரு கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தாராம். குடும்பம் தலைமுறைகளாகச் சொல்லிவரும் கதை இது. எனக்கும் பிடித்த கதைதான். பாபு செய்ததும் இல்லாததை இருப்பதால் ஈடுகட்டும் வேலைதான். ஆனால் அந்தக் கதையை யாரும் ‘அச்சு இல்லாமல், பிராந்தி இல்லாமல்’ என்று சொல்வதில்லை. ‘இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தார்’ என்கிறார்கள். அங்கே முற்று இருக்கிறது. ஆண்டும் பெயரும் இருக்கின்றன.

மாணவியின் அண்ணன் பெங்களூரில் பேக்கரி வேலைக்குப் போனவன். எடுபிடியாகச் சேர்ந்து இப்போது ‘மாஸ்டர்’. எங்கள் பக்கத்தில் டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், கேக் மாஸ்டர் எல்லாம் உண்டு. இந்தச் சொல்லுக்குப் பெண்பால் கிடையாது. நெடுஞ்சாலையோர பேக்கரிகளின் வாசலில் மாலை நேரம் யார் நின்று டீ குடிக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும், ஏன் கிடையாது என்று விளங்கிவிடும். பொங்கலுக்கு வந்த அண்ணன் குக்கரைப் பார்த்துச் சிரித்தானாம். பிறகு ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, மணல் எவ்வளவு உயரம் போடுகிறாய் என்று கேட்டானாம்.

அறிஞர்களும் இதில் விலக்கில்லை. க்ளோத் லெவி-ஸ்ட்ராஸ் 1962இல், கைவசம் கிடந்ததைக் கொண்டு காரியம் முடிக்கிறவனை ஒரு சிந்தனை முறையின் உருவகமாக்கினார். அவர் எடுத்துக்கொண்ட ‘ப்ரிகோலர்’ பிரெஞ்சில் ஓர் ஆண்பாற்சொல்; வீட்டைச் சுற்றிப் பழுதுபார்க்கும் ஆணின் உருவம். வடக்கே இதையே ஜுகாட் என்கிறார்கள். மேலாண்மை நூல்கள் அதைப் புத்தாக்கம் என்று கொண்டாடுகின்றன. அடுப்படிக்குள் நடக்கும்போது மட்டும் இது ‘சிக்கனம்’ ஆகிவிடுகிறது. புத்தாக்கம் என்றால் முதலீடு தேடி வரும். சிக்கனம் என்றால் நல்ல மருமகள் என்ற பெயர் வரும்.

இப்போது என் சொந்தக் குற்றத்துக்கு வருகிறேன். குறுந்தொகை 167ஆம் பாட்டைப் பதினைந்து ஆண்டுகளாக நடத்திவருகிறேன். கூடலூர் கிழார் பாடியது. மணமாகிப் போன மகளின் வீட்டைப் பார்த்துவந்த செவிலி நற்றாயிடம் சொல்லும் செய்தி. கட்டித்தயிரை விரலால் பிசைகிறாள், அதே கையை உடுத்த துணியில் துடைக்கிறாள், தாளிக்கும் புகை மைதீட்டிய கண்ணில் ஏறுகிறது. அவன் இனிதென்று உண்கிறான். அவள் முகத்தில் நுட்பமாக ஒரு மலர்ச்சி. மென்மையான பாட்டு, அதன் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் அவளுடைய கருவிகள் எவை? அவள் விரல், அவள் உடை, அவள் கண். மத்தும் கரண்டியும் கைத்துணியும் பாட்டுக்குள் வரவேயில்லை. அவளுடைய உடம்பே கருவியாகிவிடுகிறது. அந்த உடம்பு படும் பாட்டுக்குக் கூலி அவன் இனிதென்று உண்பது. புகை ஏறிய கண்ணை நாம் ‘குவளை’ என்று நலம் பாராட்டும் சொல்லாகவே படித்துப் பழகிவிட்டோம்.

இந்தப் பழக்கத்தில் நானும் ஒரு கவிதை எழுதினேன். என் முதல் தொகுப்பில் இருக்கிறது. என் சின்ன வயதில் அம்மா எண்ணெய் டின்னை வெட்டிப் பிரித்து, தகரத்தில் ஆணி அடித்து ஓட்டை போட்டு, காய் துருவி செய்தார். அதே தகரத்தில் பட்டை வெட்டி வளைத்து பிஸ்கட் அச்சும் செய்தார். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவிடம் கற்றுக்கொண்டு, மணல் போட்ட குண்டானின் மூடிமேல் நெருப்புக் கங்கு அள்ளிவைத்துக் கிறிஸ்துமஸ் சமயத்தில் கேக் சுடுவார். கங்கு மேலிருந்தும் சூடு தரும். அந்தக் கேக் மேலும் சிவக்கும். என் கவிதையில் தகரத்து ஓட்டைகள் நட்சத்திரங்களாயின. அம்மாவின் கை வானமாயிற்று. கூட்டங்களில் வாசித்தால் கண் கலங்குகிறவர்கள் உண்டு.

தொகுப்பு வந்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நட்சத்திரம்னு எழுதியிருக்க. அந்தத் தகரம் கையக் கிழிச்சு நான் ஊசி போட்டுக்கிட்டது எழுதலையே. ஒரு துருவி வாங்கித் தாங்கன்னு உங்கப்பாவ ரெண்டு வருசம் கேட்டேன். அந்த வருசம்தான் அவரு டேப் ரிக்கார்டர் வாங்கினாரு.”

அதுவரை எங்கள் வீட்டு வறுமைதான் அந்தத் துருவியைச் செய்தது என்று நம்பியிருந்தேன். டேப் ரிக்கார்டர் என் நினைவில் நன்றாக இருந்தது. அதில்தான் பாட்டுக் கேட்டு வளர்ந்தேன். அதையும் துருவியையும் ஒரே வரவுசெலவில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. பணம் இல்லாமல் இல்லை. அவருக்குக் கருவி வாங்கப் பணம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வேறுபாட்டை என் கவிதை நட்சத்திரம் போட்டு மூடிவிட்டது. என் மாணவியின் வீட்டு வாசலிலும் அண்ணனின் பைக் மாதத் தவணையில் நின்றுகொண்டிருந்தது. நம் கவிதைகளில் அம்மாவின் கைகளைப் பாடியவை ஏராளம். அந்தக் கைகளுக்கு நல்ல கரண்டி ஒன்று வாங்கித்தர வேண்டும் என்று சொன்னவை எத்தனை?

தருமபுரியில் இருந்துகொண்டு கருவியைப் பற்றி எழுதும் ஒருத்தி ஔவையைக் கடந்துபோக முடியாது. இதுதான் பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை பாடியது புறநானூறு 95. தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி சூடி, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் அழகாக இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வது போலப் பழிப்பது. ஒரு பெண் கருவிகளை இவ்வளவு கூர்மையாகப் படித்ததற்கு நம்மிடம் உள்ள பழைய சான்று இது. பளபளப்பு என்றால் பயன்படவில்லை என்று பொருள். தேய்மானம்தான் திறமைக்குச் சாட்சி.

அந்த அட்டைப்பெட்டியைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியபோது எனக்குத் தொண்டைமானின் நினைவு வந்தது. என் வீட்டில் ஒரு ஓவன் இருக்கிறது. திருமணப் பரிசு. பூவேலை செய்த துணி போர்த்தி ஹாலில் இருக்கிறது, வருகிறவர்கள் பார்க்க. பதினெட்டு ஆண்டுகளில் அதை நான் இயக்கிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்லூரி விட்டு வந்து இரவுச் சாப்பாட்டுக்கு நிற்கவே நேரம் சரியாக இருக்கிறது. வீட்டில் வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. கருவி வந்தால் வேலை குறையும் என்பதும் அரை உண்மைதான். வீட்டு இயந்திரங்கள் பெருகியும் பெண்ணின் வேலைநேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று அமெரிக்க வீடுகளைப் பற்றி ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இலேயே எழுதினார். முன்பு வீட்டார் பகிர்ந்த வேலைகூட இயந்திரம் வந்ததும் அவள் ஒருத்தியின் வேலையானது.

ஆனால் ஔவையின் பாட்டைக் காட்டி, தேய்ந்த குக்கரே சிறந்தது என்று முடிப்பதும் ஏமாற்று வேலை. ஔவை சொன்னதில் இன்னொரு செய்தி இருக்கிறது. அதியமானின் முறிந்த வேல்கள் கிடப்பது கொல்லன் பட்டறையில். அவற்றைச் செப்பனிட ஒருவன் இருக்கிறான். அவனை வைத்திருக்க ஓர் அரசு இருக்கிறது. என் மாணவியின் அலுமினியக் குக்கர் ஒருநாள் அடி கோணும். அவளுக்குக் கொல்லன் யார்?

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு அடித்தளமிட்ட திட்டம் 1989இல் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி அப்போது பிரியவில்லை. சேமிப்பு, கடன், கையெழுத்து என்று அது பெண்களுக்குத் திறந்துவிட்ட கதவுகளை என் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். அந்த மண்ணில், முப்பது ஆண்டுக்குப் பிறகு, இவள் ஓவன் வாங்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனாள். உணவுப் பாதுகாப்புத் துறையில் ஆண்டுக்கு நூறு ரூபாய் கட்டும் சிறு வணிகருக்கான பதிவுகூட வைத்திருந்தாள். எங்கே வேலை பார்த்த அனுபவம் என்று கேட்டார்கள். வீட்டில் என்றாள். அதற்குச் சான்று இல்லை. அண்ணனுக்கு இருக்கிறது. உங்கள் அண்ணன் பெயரில் கேட்டால் பார்க்கலாம் என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்களாம்.

தெருவிலும் இதே கதை. அரைக் கிலோ கேக்குக்கு விலை சொன்னால், “வீட்ல செஞ்சதுதானே?” என்று குறைத்துக் கேட்கிறார்கள். கடைப் பொட்டலத்தில் ‘வீட்டுத் தயாரிப்பு’ என்று அச்சடித்தால் விலை ஏறுகிறது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் அதைச் சொன்னால் இறங்குகிறது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழி. அதன் பழைய வடிவத்தில் ‘ஆடத் தெரியாதவள்’ என்று பொதுவாக இருக்காது. தேவரடியார் குலப் பெண்ணை இழிக்கும் சொல் இருக்கும். கோயில் கூடத்தையும் அரசவைக் கூடத்தையும் அவள் கட்டவில்லை. அங்கே தரை எப்படி இருக்க வேண்டும் என்று அவளைக் கேட்டவர்களும் இல்லை. ஆடும் பாதம் மட்டும் அவளுடையது. தரை கோணல் என்று முதலில் உணரக்கூடியதும் அந்தப் பாதம்தான். அப்படி உணர்ந்து சொன்னவளை ஆடத் தெரியாதவள் என்று நிரந்தரமாக வாயடைத்தது இந்தப் பழமொழி. சமையலறையில் இதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! கத்தி மொக்கை என்றால், அடுப்பு உயரம் என்றால், கை சரியில்லை என்பார்கள்.

குறை சொன்னவளால் ஒன்று நடந்ததற்கு ஒரு சான்று நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் பம்பாயில் மாதுரி மாதுர் என்பவரின் ஜெர்மானிய மிக்சி பழுதாகி நின்றது. நம் ஊர் அரைப்பு வேலைக்கு அது செய்யப்படவில்லை. இது சரியில்லை என்று அவர் சொன்னதைக் கேட்டு, பொறியாளரான கணவர் சத்ய பிரகாஷ் மாதுர் நம் சமையலுக்கேற்ற மிக்சியை வடிவமைத்தார். 1963இல் சுமீத் வந்தது. உளுந்தும் மஞ்சளும் அரைக்கும் இயந்திரம் பிறந்ததே, ஒருத்தி கூடம் கோணல் என்று சொன்னதாலும், ஒருவர் அதைக் காதில் வாங்கியதாலும்தான். கண்டுபிடித்தவர் என்ற பெயர் காதில் வாங்கியவருக்குப் போனது என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்கிறேன்.

1988இல் நூலாக வந்த அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையை மாணவிகளோடு படிக்கும்போது இப்போது ஒரு காட்சியில் நிறுத்துகிறேன். பெரிய வீட்டின் மூலையில் ஒடுங்கிய, இருண்ட சமையலறை. அதை விரித்துக் கட்டலாமே, சன்னலில் மலை தெரியுமே என்கிறாள் மருமகள். அந்த யோசனை அந்த வீட்டுக்குப் பிடிபடவேயில்லை. அம்பையின் கதை அங்கிருந்து ஆழமாகப் போகிறது. சமையலறையையே தன் எல்லையாகக் கொண்ட மனதைக் கேள்வி கேட்கிறது. ஆனால் நான் முதலில் பேசுவது அந்தச் சிறிய யோசனையைப் பற்றித்தான். அவள் கூடம் கோணல் என்று சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

ஆகவே எனக்கு இப்போது இரண்டு வேலைகள் சேர்ந்தே இருக்கின்றன. பெண்கள் கையால் செய்த கருவிகளை அறிவாகப் பதிவு செய்வது ஒன்று: எந்தப் பொருள், எந்த அளவு, ஏன் அப்படி, யாரிடம் கற்றது. அவர்கள் அவற்றைச் செய்ய நேர்ந்த காரணத்தைக் கேட்பது மற்றொன்று: வீட்டில் வேறு எது வாங்கப்பட்டது, யாருக்காக. முதலாவதை மட்டும் செய்தால் என் பழைய கவிதை மறுபடி வரும். இரண்டாவதை மட்டும் செய்தால் ‘ஒண்ணுமே இல்லாம’ என்று மறுபடி சொல்லிவிடுவோம். இந்த ஆண்டு முதுகலை மாணவிகளுக்குக் களப்பணியாக இதைத்தான் கொடுத்திருக்கிறேன். அவரவர் வீட்டில் அம்மாவோ ஆயாவோ செய்த ஒரு கருவி, அதன் பெயர், அது செய்யப்பட்ட ஆண்டு வீட்டுக்கு வந்த வேறு பொருள். கொட்டாங்கச்சி அகப்பையும் களி கிண்டும் துடுப்பும் வந்திருக்கின்றன. மூன்றாவது கட்டத்தில் ரேடியோ, கைக்கடிகாரம், டிவிஎஸ் என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

என் ஓவனை அந்த மாணவிக்குக் கொடுத்துவிட்டேன். பெருந்தன்மை என்று சொல்ல ஒன்றுமில்லை. பதினெட்டு ஆண்டு துணி போர்த்திய பொருள். வந்து சுற்றிப் பார்த்தாள். கதவைத் திறந்து, மேலேயும் கீழேயும் இருந்த கம்பிகளைத் தொட்டாள். “மேல செவக்கும்” என்றாள்.

குக்கரை இனி என்ன செய்வாய் என்று கேட்டேன்.

“அது இருக்கட்டுங்கம்மா. எங்க ஊர்ல கரண்ட் போனா இது பாதியில நின்னுரும். அது நிக்காது.” பிறகு, யோசித்து, “அதோட ரெண்டு கேக் ஒரே நேரத்துல போடலாம்ல” என்றாள்.

ஓவனைத் துணி இல்லாமல்தான் கொண்டுபோனாள்.